புகுந்த வீட்டுச் சிறுநீரகம்

சண்முகவடிவு தன் சிறுநீரகத்தைக் கொடுத்தபோதுகூட முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டுதான் கொடுத்தாள். "ரெண்டு கெடக்கு. ஒண்ணு போனா என்ன? சும்மா கெடக்கிறதுக்கு அவளுக்காவது ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு, அறுவைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனவரிடம் வண்டிச் சக்கரம் ஏன் இப்படிக் கிறீச்சிடுகிறது, நாலு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா என்று சண்டைக்குப் போனாள். மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் வாய் ஓய்ந்ததாம்.

வாங்கிக்கொண்டவள் ரஞ்சனி. வடிவின் தம்பி பெருமாளின் மனைவி. நாத்தனார்க்காரி தம்பி பெண்டாட்டிக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாலே மூக்கில் விரலை வைக்கிற தெரு அது. சிறுநீரகத்தையே கொடுத்தால் சும்மா இருக்குமா? தூத்துக்குடியில் அந்தத் தெரு முழுக்க ஒரு மாதம் இதே பேச்சுதான். குலசேகரப்பட்டினத்திலிருந்து நிலாவுக்கு ராக்கெட் கிளம்பியபோதுகூட மொட்டை மாடிக்குப் போனவர்கள் வானத்தைப் பார்க்காமல் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரஞ்சனி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பத்து மூன்று வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ், மிச்ச நாளில் அதன் அசதி என்று இரண்டு வருடம் ஓடியது. பெருமாளுடையது பொருந்தவில்லை. ரஞ்சனியின் அம்மாவுக்குச் சர்க்கரை. ஷார்ஜாவில் இருந்த அண்ணன், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றான். இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறான். கடைசியில் மாடி வீட்டிலிருந்து வடிவு இறங்கி வந்து, எனக்கும் பார்க்கச் சொல்லு என்றாள். பார்த்தார்கள். பொருந்திவிட்டது.

வடிவு பெருமாளைவிடப் பத்து வயது மூத்தவள். கல்யாணமாகிப் போன வேகத்திலேயே திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று கேட்கும் துணிச்சல் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் வடிகட்டிப் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வை. வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ரஞ்சனி அவளிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கியதில்லை. ஆபரேஷன் முடிந்து நன்றி சொல்லப் போனபோதும் வாங்கவில்லை.

"நன்றியெல்லாம் நீயே வச்சுக்க. குடுத்தத ஒழுங்காப் பாத்துக்க, அது போதும்" என்றாள் வடிவு.

அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரிக்கு இணைமானி என்ற கருவி வந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் ஜெசிந்தா மூவரையும் உட்கார வைத்து அதை விளக்கினார். ஜெசிந்தா கடற்கரைப் பக்கத்துக்காரர். எதைச் சொன்னாலும் வீட்டுக்கதை போலச் சொல்வார்.

"ஒண்ணை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது பாதி வேலைதான் செய்யும்னு நினைப்பீங்க. அப்படி இல்ல. கூட இருந்தது போயிடுச்சுன்னு தெரிஞ்சதும் அது சும்மா இருக்காது. சில நாள்லயே கூடுதல் ரத்தத்தை இழுத்து வடிகட்ட ஆரம்பிக்கும். அப்புறம் மாசக்கணக்குல மெல்ல மெல்லப் பெருக்கும். புதுசா சல்லடை எதுவும் முளைக்காது, இருக்கிற சல்லடையே கொஞ்சம் பெருசாகும். வருஷம் திரும்பும்போது, ரெண்டாயிருந்து செஞ்ச வேலையில முக்கால்வாசிக்குக் கிட்டத்தட்ட ஒத்தையாவே செய்யும்."

பாதியைக் கொடுத்தால் முக்கால் மிஞ்சுகிறதே, இதைக் கணக்கு டீச்சர் ஒப்புக்கொள்வாளா என்று பெருமாள் சிரித்தான். ரஞ்சனியும் சிரித்தாள். வடிவு சிரிக்கவில்லை.

ஜெசிந்தா தொடர்ந்தார். வடிவின் உடம்பில் தங்கிவிட்ட சிறுநீரகத்திலும், ரஞ்சனிக்கு வந்த சிறுநீரகத்திலும் அரிசி மணி அளவுக்கு ஓர் உணர்வி வைத்திருந்தார்கள். இரண்டும் எவ்வளவு வேலை செய்கின்றன என்ற கணக்கு ஆஸ்பத்திரிக் கணினிக்குப் போய்க்கொண்டே இருக்கும். ரஞ்சனியின் கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்ன மருந்துப் பெட்டி. கணினி சொல்கிற அளவில் அது மருந்தை விடும்.

"ரெண்டும் ஒரே வயித்துல பொறந்த ரெட்டைப் பொண்ணுங்க மாதிரி" என்றார் ஜெசிந்தா. "ஒருத்தி பொறந்த வீட்டுலயே இருந்துட்டா. இன்னொருத்தி புகுந்த வீட்டுக்கு வந்துட்டா. புகுந்த வீட்டுல சும்மா விடுவாங்களா? யாரு இவ புதுசான்னு உடம்பு சண்டைக்கு வரும். அதை அடக்கத்தான் மருந்து. மருந்து கூடினா கண்ட கிருமியும் உள்ளே வரும். கொறைஞ்சா கிட்னியே போயிடும். எவ்வளவு வேணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பொறந்த வீட்டுல இருக்கிறவளைப் பாத்தாத் தெரியும். அவ எவ்வளவு வேலை செய்யிறாளோ அதுக்கு ஈடா இவளும் செய்யணும். பின்தங்கினா, புகுந்த வீட்டுல ஏதோ பிரச்சினைன்னு அர்த்தம். பெட்டி மருந்தைக் கூட்டும். ஈடா வந்தாலோ முந்தினாலோ கொறைக்கும்."

"புகுந்த வீட்டுச் சண்டையப் பத்தி எனக்குப் பாடம் வேறயா?" என்றாள் வடிவு. அவள் தன் கல்யாணத்தைப் பற்றி வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

ரஞ்சனியின் போனில் ஒரு நிறம் மட்டும் தெரியும். இரண்டும் சேர்ந்து போனால் பச்சை; விலகினால் மஞ்சள், சிவப்பு. வடிவின் எண்கள் ரஞ்சனிக்கோ டாக்டருக்கோ தெரியாது. அவை கொடுத்தவருக்குச் சொந்தம், அவர் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கும் என்பது சட்டம். வடிவுக்கு ஜெசிந்தா சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: உப்பைக் குறையுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள்.

முதல் சில மாதம் எல்லாம் பொன்னாக இருந்தது. ரஞ்சனி பள்ளிக்குத் திரும்பினாள். தண்ணீரை அளந்து குடித்தவள் வயிறு முட்டக் குடித்தாள், இளநீர் குடித்தாள், பெருமாள் திட்டத் திட்ட மாங்காய் தின்றாள். போனில் பச்சை. பச்சை காட்டுகிறவர்களை அடிக்கடி கூப்பிட்டு ரத்தம் எடுக்க வேண்டியதில்லை என்று ஆஸ்பத்திரியும் முடிவெடுத்திருந்தது. ஊரில் இணைமானி வைத்துக்கொண்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பதை விட்டு, பச்சைதானே என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கொடுத்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒன்றுதான் ரஞ்சனிக்கு உறுத்தியது. ஆபரேஷனுக்கு முன்னால் வடிவு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடுவாள். குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள் என்றாலும் வருவாள். இப்போது அடிக்கடி வருவதில்லை. ஆலை கேன்டீனில் ஆயிற்று என்பாள். கூப்பிட்டுக் கொடுத்தால் தட்டை மேலே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஆளும் இளைத்துக்கொண்டு வந்தாள். கொடுத்த பிறகு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ரஞ்சனி எண்ணிக்கொண்டாள். இப்படியெல்லாம் எண்ண ஆரம்பித்தால் அதற்கு முடிவேது?

மார்கழி வாக்கில் ரஞ்சனிக்கு அசதி வந்தது. வாயில் இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி. போனில் பச்சை. மத்தியானத்துக்கு மேல் செருப்பு இறுகியது. போனில் பச்சை. ஆஸ்பத்திரி உதவி எண்ணுக்குச் சொன்னால், உங்கள் இணைமானி பச்சையாக உள்ளது, கவலை வேண்டாம் என்று பதில் வந்தது. பெருமாளும் அதையே சொன்னான். பச்சை காட்டும்போது உடம்புக்கு முடியவில்லை என்று சொல்வது ரஞ்சனிக்கே ஏதோ பொய் சொல்வது மாதிரி இருந்தது.

ஒரு நாள் வடிவு மாடிப்படியில் இறங்கும்போது நின்று அவளை உற்றுப் பார்த்தாள். "ஏட்டி, ஒன் மூஞ்சி ஏன் ஊதிக் கெடக்கு?"

கொடுத்த சாமானைச் சரி பார்க்கிறாளாக்கும் என்று ரஞ்சனிக்குச் சுருக்கென்றது. ஒன்றும் இல்லை மைனி, தூக்கம் சரியில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு வடிவு கீழே சாப்பிட வருவது இன்னும் குறைந்தது.

தை பிறந்து சில நாளில், ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தவள் கரும்பலகையைப் பிடித்தபடியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஜெசிந்தாவின் முகம் மாறிவிட்டது. சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். உடம்பு அதைத் தாக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாளே ஆகியிருந்தாலும் மும்முரமாகத் தாக்கிக்கொண்டிருந்தது. மருந்துப் பெட்டியோ, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொட்டுச் சொட்டாகக் குறைத்துக்கொண்டே வந்து அடிமட்டத்தில் நின்றது. அந்த நேரத்திலும் போனில் பச்சை.

கையால் ஊசி போட்டு மருந்தைக் கூட்டினார்கள். ஆனால் இணைமானி ஏன் பொய் சொன்னது என்று தெரியாமல் அதை மறுபடி நம்ப முடியாது. வடிவின் எண்களைத் தனியே பார்க்க வேண்டும், ஒரு கையெழுத்துப் போதும் என்று ஜெசிந்தா கேட்டார். வடிவு முடியாது என்றுவிட்டாள்.

பெருமாள் வராந்தாவில் அக்காவிடம் கெஞ்சியது உள்ளே படுத்திருந்த ரஞ்சனிக்குக் கேட்டது. "எக்கா, அவ உயிரு எக்கா." வடிவு, என் உடம்புக்குள் இருப்பதை ஊரெல்லாம் எதற்குப் பார்க்க வேண்டும் என்றாள். அந்த நிமிடம் ரஞ்சனி அவளை வெறுத்தாள். கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. அதனால் கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள் என்றுகூட நினைத்தாள். நினைத்ததை நினைத்து அழவும் செய்தாள்.

மறுநாள் வடிவு தானாகவே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டு ஆட்கள் யாரிடமும் பேசாமல் வேலைக்குப் போய்விட்டாள்.

ஜெசிந்தா திரையைக் கட்டிலுக்குத் திருப்பி வைத்தார். வடிவின் சிறுநீரகத்துக் கோடு. முதல் இரண்டு மாதம் அது அவர் சொன்னபடியே மெல்ல ஏறியிருந்தது. பிறகு அங்கங்கே பள்ளம். முதலில் மாதத்துக்கு ஒன்று. பிறகு இரண்டு. மார்கழியிலிருந்து பள்ளங்கள் நெருக்கமாகி, கோடு ரம்பத்தைப் போல இருந்தது.

"இந்த நாள்லயெல்லாம் அவங்க உடம்புல தண்ணியே இல்ல. காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் சுத்தமா வறண்டு போயிருக்கு. போன்ல கேட்டா வெயில்ல அலைஞ்சிருப்பேன்னு சொல்றாங்க. அலைஞ்சா தினமும்தானே இருக்கணும்? உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

ரஞ்சனி தேதிகளைப் பார்த்தாள். நெருக்கமாக இருந்தவை எல்லாம் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தியவை கார்த்திகை நட்சத்திர நாள். ஆரம்பத்தில் ஒற்றை ஒற்றையாக இருந்தவை சஷ்டி. ஐப்பசியில் மட்டும் ஆறு நாள் சேர்ந்தாற்போல ஒரே குழி. கந்த சஷ்டி. முருகனுக்கு உகந்த நாள் ஒவ்வொன்றும் அந்தக் கோட்டில் விழுந்து கிடந்தது.

"விரதம் டாக்டர்" என்றாள். "பச்சைத் தண்ணி பல்லுல படாத விரதம். எனக்காக நேர்ந்திருக்காங்க."

நேர்ந்துகொண்டதை வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். வடிவு அதை நம்புகிறவள். கேன்டீனில் ஆயிற்று என்றதும், தட்டோடு மாடிக்குப் போனதும், கையெழுத்துக்கு மறுத்ததும் எல்லாம் அதற்குத்தான். எடுத்துப் போன சோற்றைக் காக்கைக்குப் போட்டாளோ என்னவோ. தண்ணீர் குடியுங்கள் என்று டாக்டர் சொன்னதை அவள் மறந்திருக்க மாட்டாள். கொடுத்த சிறுநீரகம்தான் முக்கியம், அது ரஞ்சனியிடம் இருக்கிறது, தன்னிடம் இருப்பது காய்ந்தால் என்ன என்று எண்ணியிருப்பாள்.

மேற்கொண்டு நடந்ததை ஜெசிந்தா சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ரஞ்சனி வருடாவருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். பின்னத்தில் கீழே உள்ள எண் குறைந்தால் மதிப்பு கூடும். ஆனாலும் ஜெசிந்தா தன் பாணியில் சொன்னார்.

"பொறந்த வீட்டுல இருக்கிறவ பட்டினி கெடந்து மெலிஞ்சா, புகுந்த வீட்டுல இருக்கிறவ கொழுகொழுன்னு இருக்கிற மாதிரித்தான் தெரியும். மெஷின் ஒரு நாளைப் பாத்து ஏமாறாது, பல வாரத்துச் சராசரியைத்தான் பாக்கும். ஆனா இத்தனை நாள் விழுந்தா சராசரியே விழுந்துடும். இவ நல்லாத்தானே இருக்கான்னு மருந்தைக் கொறைச்சிருக்கு. மருந்து கொறைய உங்களுக்கு முடியாமப் போயிருக்கு."

"எனக்கு முடியாமப் போகவும் அவங்க விரதத்தைக் கூட்டியிருக்காங்க."

"ஆமா."

பிறகு ஜெசிந்தா, வெட்கத்தோடுதான், இன்னொன்றையும் சொன்னார். வடிவின் சிறுநீரகம் இந்நேரம் வளர்ந்திருக்க வேண்டிய அளவுக்கு வளரவில்லை. தனியாக நிற்கப் பழகவேண்டிய முதல் வருடத்தில் திரும்பத் திரும்ப வறண்டு போனதால் தேங்கி நிற்கிறது. ஆறு மாதச் சோதனைக்கு அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஆஸ்பத்திரியிலும் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இணைமானியில் வாங்கியவருக்கு மூன்று நிற விளக்கு உண்டு. கொடுத்தவருக்கு ஒன்றுகூட இல்லை. "அவங்களை நாங்க அளவுகோலாத்தான் வச்சிருந்தோம். அளவுகோலை யாரும் அளந்து பாக்கிறதில்லையே" என்றார்.

இனி இணைமானியில் இரண்டையும் பிரித்துவிடலாம், பழைய முறைப்படி ரத்தம் பார்த்தே மருந்து கொடுக்கலாம், ஆனால் வடிவு விரதத்தை நிறுத்தியாக வேண்டும், நடந்ததை அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தார். ரஞ்சனி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வடிவின் அப்பா மாரடைப்பில் போனபோது வடிவு திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போயிருந்தாள். தான் வீட்டில் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று பன்னிரண்டு வருடமாகத் தன்னையே தின்றுகொண்டிருக்கிறாள். திவசத்தன்று யாராவது அவர் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். அப்படிப்பட்டவளிடம், நீ கும்பிட்ட கும்பிடுதான் இவளைச் சாகடிக்கப் பார்த்தது என்று எந்த வாயால் சொல்வது?

"சொல்லாதீங்க டாக்டர். தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க. நான் சாப்பிட வைக்கேன்."

"எப்படி?"

அது அவளுக்கே தெரியவில்லை. ஜெசிந்தா யோசித்துவிட்டு, நீங்கள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம், அதற்குள் கோடு நிமிரவில்லை என்றால் நான் பேசுவேன் என்றார்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு விட்டார்கள். சிறுநீரகம் தப்பிவிட்டது. கொஞ்சம் தேய்மானம், ஆனாலும் தப்பிவிட்டது. வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரஞ்சனி சோறும் முருங்கைக்காய்ச் சாம்பாரும் தட்டில் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு படியேறினாள். கெஞ்சினால் வடிவு கேட்க மாட்டாள், அழுதால் சந்தேகப்படுவாள். இந்த வீட்டில் வடிவுக்குப் புரிகிற பாஷை ஒன்றுதான். அதை ரஞ்சனி இதுவரை பேசியதில்லை.

தட்டை டங்கென்று வைத்தாள். "என்ன மைனி, எலும்பும் தோலுமாத் தெருவுல நடக்கீய? பாக்கிறவ என்ன சொல்லுதா தெரியுமா? தம்பி பொண்டாட்டி கிட்னியப் புடுங்கிட்டு, சோறு போடாம வச்சிருக்கான்னு சொல்லுதா. அந்தப் பேரு எனக்கு வரணும்னுதானே இப்படி மெலிஞ்சு காட்டுதீய? குடுத்தது கிட்னியா, இல்ல காலம் பூரா என்னைக் குத்திக்காட்ட ஒரு ஊசியா?"

சொல்லும்போதே நாக்கு கூசியது. ஒன்றுக்குப் பத்தாகத் திரும்பி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வடிவு ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டை இழுத்துச் சாம்பாரைப் பிசைந்து சாப்பிட்டாள். செம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுதும் குடித்தாள். "உப்புக் கொறைச்சல்" என்று மட்டும் சொன்னாள்.

ரஞ்சனிக்கு நம்பவே முடியவில்லை. கீழே வந்து, ஜெயித்துவிட்டேன் என்று பெருமாளிடம் சொன்னாள். அவன், எங்க அக்காவை வாயால் ஜெயித்தவள் தமிழ்நாட்டிலேயே நீ ஒருத்திதான் என்றான். அன்றைக்கு அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதன் பிறகு வடிவு தினமும் கீழே சாப்பிட வந்தாள், செவ்வாய்க்கிழமைகளிலும்.

ஒரு மாதம் கழித்து ரஞ்சனி சோதனைக்குப் போனாள். ரத்தம் நன்றாக இருந்தது. வடிவு தன் எண்களை ஜெசிந்தாவுக்குத் திறந்தே விட்டிருந்தாள். இப்போது ஆஸ்பத்திரியில் கொடுத்தவர்களுக்கும் தனி விளக்கு வைக்க ஆரம்பித்திருந்தார்கள். ஜெசிந்தா உற்சாகமாகத் திரையைத் திருப்பினார்.

"பாருங்க, கோடு மறுபடியும் ஏற ஆரம்பிச்சிருக்கு. போன வருஷமே செய்ய வேண்டியதை இப்பத்தான் செய்யுது. பரவாயில்ல, செய்யுதே. என்ன சொல்லி நிறுத்த வச்சீங்க?"

சண்டை போட்டேன் டாக்டர் என்று சிரித்தபடியே ரஞ்சனி கோட்டைப் பார்த்தாள். கணக்கு டீச்சரின் கண் சும்மா இருக்குமா? சண்டை போட்ட ஞாயிற்றுக்கிழமையில் விரலை வைத்துப் பின்னால் போனாள். அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை, பள்ளம் இல்லை. தைக் கார்த்திகை, பள்ளம் இல்லை. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே கோடு நிமிர்ந்துவிட்டிருந்தது. கடைசிப் பள்ளம் வடிவு கையெழுத்துப் போட்டதற்கு முந்தியது.

சிரிப்பு நின்றுவிட்டது. "டாக்டர், கையெழுத்துப் போட்ட அன்னைக்கு அவங்க இதைப் பாத்தாங்களா?"

"பாத்தாகணும். கொடுத்தவங்க பாத்த பிறகுதான் எங்களுக்கே திறக்கும். டெக்னீஷியன்தான் காட்டினார். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்களாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்களாம். இந்தப் பள்ளம் விழுந்தா அவ பெட்டி என்ன செய்யும்னு. மருந்தைக் கொறைக்கும்னு அவர் சொல்லியிருக்கார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாங்களாம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரஞ்சனி வழி முழுக்க அழுதாள். ஆஸ்பத்திரி வாசலில் கூடவே ஏறிய அடுத்த சீட்டுக்காரி பச்சை இல்லையா அம்மா என்று பரிவாகக் கேட்டாள். பச்சைதான் என்றாள்.

எல்லாம் தெரிந்த பிறகுதான் வடிவு அந்தச் சண்டையை வாங்கிக்கொண்டிருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் வெயிலில் அலைந்தேன் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். தன் விரதத்தால் இப்படி ஆயிற்று என்று ரஞ்சனிக்குத் தெரிந்தால் ரஞ்சனி மனசு என்ன பாடுபடும் என்று அவளும் கணக்குப் போட்டிருக்கிறாள். சாகடிக்கப் பார்த்தாள் என்று நினைத்துவிடுவாளோ என்றும் பயந்திருப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்ன ஒவ்வொரு சொல்லும், தனக்கு வர வேண்டிய தண்டனை ஏதோ ஒரு வழியாக வந்து சேர்ந்தது என்பது போலத்தான் அவளுக்குக் கேட்டிருக்கும். அதனால்தான் அந்த வாய் திறக்கவில்லை.

வீட்டில் வடிவு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். ரஞ்சனி இரண்டு தட்டில் சோறு போட்டாள். காலையிலிருந்து தானும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்கலாமா, எனக்கும் தெரியும் மைனி என்று சொல்லிவிடலாமா என்று படிக்குப் படி யோசித்துக்கொண்டே ஏறினாள். சொன்னால் வடிவு ஒளித்து வைத்தது வீணாகும். சொல்லாவிட்டால் அந்த ஊசி வார்த்தை அங்கேயே கிடக்கும். வாசலில் போய் நின்றபோதும் முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டு கையிலும் தட்டை வைத்துக்கொண்டு, வீங்கிய கண்ணோடு அப்படியே நின்றாள்.

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். தட்டுகளைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். முகத்தில் வெகுநேரம் பார்வை நின்றது.

"என்னட்டி, இன்னைக்கும் சண்ட போடவா வந்த?"

"ஆமா மைனி."

வடிவு நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். "நின்னுக்கிட்டே சண்ட போட்டா காலு வீங்கும். உக்காந்து போடு."